முறிந்த பவளக் கிளையைப் பிழைப்பித்தல்

நம் கடற்கரையோர் முருகைக்கல் என வழங்கும் பவளமானது, ஆயிரக்கணக்கான சிறு பூச்சிகள் கூடி வாழும் ஒரு குடியிருப்பாகும். அப்பூச்சிகள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கிரகித்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் தசையினுள் வாழும் நுண்ணிய பாசி, வெளிச்சத்தின் உதவியால் உணவு சமைத்துப் பூச்சிக்கும் பங்களிக்கிறது. உஷ்ணமோ அதிர்ச்சியோ மிகுந்தால் பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். வெளுத்த பவளம் உடனே மடிவதில்லை. ஆயினும் அந்நிலை நீடித்தால் பட்டினியால் மடியும்.

அமெரிக்கா, ஐரோப்பா முதலிய தேசங்களில் வீடுகளிலேயே கண்ணாடித் தொட்டிகளில் பவளம் வளர்ப்போர் பலர். வழிப்பயணத்தில் முறிந்தோ, தொட்டியில் விழுந்தோ காயமுற்ற துண்டுகளை அவர்கள் எறிந்துவிடாமல் பிழைப்பிக்கும் முறை, போத்து நட்டும் ஒட்டுக் கட்டியும் பழகிய விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும்.

1. ஜலத்தைச் சோதித்தல். கிளையைத் தொடுமுன் தொட்டியின் நீரைச் சோதிக்க வேண்டும். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கும், உஷ்ணம் 25 முதல் 27 சென்டிகிரேட் டிகிரியும், காரத்தன்மை ஜெர்மன் டிகிரிக் கணக்கில் 8 முதல் 9-உம், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராமும் இருத்தல் நலம். ஆவியாய்ப் போவது தண்ணீர் மட்டுமே; உப்புத் தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவுக்குச் சுத்தமான நன்னீரையே வார்க்க வேண்டும். குறை காணின் சிறிது சிறிதாகவே திருத்துக. காரத்தன்மையை ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் மாற்றலாகாது.

2. அழுகலை நீக்குதல். தசை உரிந்து வரும் பாகத்தை, நல்ல தசையில் சிறிது உட்புறமாகவே கூரிய கத்தரியால் வெட்டி நீக்குக. நோயுற்ற மரக்கிளையைக் கழிப்பதும் இவ்விதமே. இதனைத் தொட்டிக்கு வெளியே, தொட்டிநீர் நிரம்பிய வேறு பாத்திரத்தில் செய்ய வேண்டும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அவசியம். ஏனெனில் பொத்தான் போன்று படரும் சில வகைகளில் கொடிய விஷம் உண்டு. அவ்வகைகளை வெந்நீரில் இடுவதும் உலர்ந்தபின் சுரண்டுவதும் உயிருக்கே ஆபத்து.

3. காயத்தைக் கழுவுதல். பவளத்துக்கென விற்கும் அயோடின் கரைசலில், சீட்டில் கண்ட அளவும் நேரமும் தவறாமல் முக்கியெடுத்துச் சுத்தமான உப்புநீரில் அலசுக. முக்கிய நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

4. நிலைநிறுத்துதல். துண்டைச் சிறு பீங்கான் வில்லையில் பசையிட்டு ஒட்டி, மங்கிய வெளிச்சமும் மிதமான நீரோட்டமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். நட்ட கன்றுக்கு நிழல் கட்டுவது போன்றதே இது. பிற பவளங்கள் கொட்டாதபடி இடைவெளி விடுக. வெளிச்சத்தைச் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்தலாம்.

5. பொறுத்திருத்தல். நட்ட போத்தைத் தினமும் பிடுங்கி வேர் பார்ப்பவன் அதனை இழப்பான். இங்கும் அடிக்கடி இடம் மாற்றுதலும், இரையை அள்ளிப் போடுதலும் கெடுதலே. பூச்சிகள் தலைநீட்டுவதும், விளிம்பில் புதுத்தசை படர்வதும் குணமடையும் அறிகுறிகளாம். அழுகல் மீண்டும் பரவினாலன்றி வெட்டுதல் கூடாது.

நிற்க. 2006-ஆம் வருஷத்தில், பிளாரிடாவிலுள்ள மோட் கடலாய்வு நிலையத்தில் டேவிட் வான் என்பார், கடமான் கொம்பையொத்த பவளமொன்றைத் தொட்டியினின்று எடுக்கையில் அது முறிந்து, சில பூச்சிகள் மட்டும் அடியில் ஒட்டி நின்றன. அவை மடியுமென அவர் எண்ணியிருக்க, சில வாரங்களில் அவை விரைவாகப் படர்ந்திருந்தன. சிறு துண்டு காயத்தை ஆற்றும் முனைப்பில் வேகமாக வளரும் என்னும் உண்மை, இன்று அழிந்த பவளத்திட்டுகளைப் புதுப்பிக்கக் கைகொடுக்கிறது. நம் தூத்துக்குடியிலும் சுகந்தி தேவதாசன் கடலாய்வு நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வருகின்றனர்.

ஆயினும் இம்முறையைக் கற்றோம் என்று எவரும் நம் கடலில் பவளம் ஒடிக்கலாகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் யாவும் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியக் கடற்பூங்காவாயின. முன்னர் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல் வெட்டப்பட்ட அவ்விடத்தில் இரண்டு தீவுகள் கடலுள் அமிழ்ந்துவிட்டன. பவளத்திட்டு அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கும் வரப்பாகும். அது உடைந்தால் மண்ணும் போகும், மீனும் குறையும்.

ஆகவே கடலோரக் கிராம உத்தியோகஸ்தர்கள், முருகைக்கல் எடுப்போரைக் காணின் வனத்துறைக்குத் தாமதமின்றி அறிவிப்பார்களாக. வலையில் சிக்கிய உயிருள்ள துண்டை அவ்விடத்திலேயே கடலில் விட்டுவிடும்படி மீனவருக்கும் எடுத்துரைப்பார்களாக.