எட்டாம் பாடமும் தாயக்கட்டையும்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் எட்டாவது பாடம், அதாவது கடைசிப் பாடம், ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. கடைசியில் இருப்பதாலேயே திருப்புதல் தேர்வு நெருக்கத்தில் அவசரமாக ஓட்டப்படுகிற பாடமும் இதுதான். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ சாயங்கால டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களை உட்கார்த்திவைத்துப் படிக்கச் சொல்லும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்.

செய்ய வேண்டியவை

கூறுவெளியை முழுசாக எழுதுங்கள். எழுதாமல் மனசுக்குள் எண்ணுகிறவர்கள்தான் இந்தப் பாடத்தில் வழுக்கி விழுகிறார்கள். பாட்டி வீட்டுப் பரணில் பித்தளைத் தாயக்கட்டை கிடந்தால் எடுத்து வாருங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் தாயம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. ஏழு விதமாகத்தானே விழுகிறது, ஒவ்வொன்றுக்கும் 1/7 என்று எழுதத் தோன்றும். அங்கேதான் கோளாறு. நாலுக்கு நாலு கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள். மொத்தம் 16 ஜோடி. அதில் மூன்று என்ற எண் நான்கு வழிகளில் விழும்: (0,3), (3,0), (1,2), (2,1). பன்னிரண்டுக்கு ஒரே வழி. தாயத்துக்கு (0,1), (1,0) என்று இரண்டு, ஆகவே 2/16, அதாவது 1/8. மறு ஆட்டம் தருகிற 1, 5, 6, 12 நான்கையும் சேர்த்தால் 6/16. கட்டம் போட்ட கை, இரண்டு பகடைக் கணக்கின் 36 ஜோடிகளைக் கண்டு பயப்படாது.

‘குறைந்தது ஒன்று’ என்று கேள்வியில் வந்தால், ‘ஒன்றுகூட இல்லை’ என்பதைக் கண்டுபிடித்து 1-லிருந்து கழியுங்கள். எட்டு முறை உருட்டினால் ஒரு தாயமாவது விழுந்தே தீரும் என்று ஆட்டத்தில் சொல்வார்கள். ஒன்றுகூட விழாமல் போக நிகழ்தகவு 7/8-இன் எட்டாம் அடுக்கு, சுமார் 0.34. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல்!

திட்டவிலக்கத்தைப் பஸ் ஸ்டாப்பில் பழகுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பஸ்ஸுக்கு ஐந்து நாள் காத்திருந்த நிமிடங்கள் 4, 6, 8, 10, 12 என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பஸ்ஸுக்கு 1, 2, 8, 14, 15. இரண்டுக்கும் சராசரி 8 நிமிடம்தான். ஆனால் விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் முதலாவதற்கு 40, இரண்டாவதற்கு 170. ஐந்தால் வகுத்து மூலம் எடுத்தால் 2.83, 5.83. முதல் பஸ்ஸை நம்பி வீட்டிலிருந்து கிளம்பலாம். இரண்டாவதை நம்ப முடியாது. சராசரி மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

வீட்டிலோ தெருவிலோ எஸ்டேட் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிற அண்ணனோ மாமாவோ இருந்தால், கன்ட்ரோல் சார்ட் என்றால் என்னவென்று கேளுங்கள். சராசரிக்கு மேலேயும் கீழேயும் மூன்று திட்டவிலக்கத் தூரத்தில் கோடு போட்டு, உற்பத்தி தடம் மாறுகிறதா என்று பார்க்கும் முறை. 1924-இல் அமெரிக்காவில் ஷூஹார்ட் உருவாக்கியது. அதைப் பரப்பியவர் டெமிங். அவர் பெயரில் ஜப்பான் கொடுக்கும் டெமிங் பரிசு 1998-இல் பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்குக் கிடைத்தது. பக்கத்து ஊர் சங்கதி இது. பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம்.

செய்யக்கூடாதவை

‘அல்லது’ என்று கண்டவுடனே கூட்டிவிடாதீர்கள். ஒரு சீட்டு எடுத்தால் ராஜா அல்லது ஹார்ட் வர என்ன நிகழ்தகவு? 4/52-ஐயும் 13/52-ஐயும் கூட்டி 17/52 என்றால் தப்பு. ஹார்ட் ராஜா இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறார். ஒன்றைக் கழித்தால் 16/52, அதாவது 4/13.

கால்குலேட்டரில் மூலம் எடுத்துப் பழகாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வறையில் அது கிடையாது; √34-ஐ நீள்வகுத்தல் முறையில் போடத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக் கணக்கில் n-ஆல் வகுக்கச் சொல்வதும், கல்லூரியில் கூறு எடுத்த தரவுக்கு n−1-ஆல் வகுக்கச் சொல்வதும் வேறு வேறு. அக்காவின் இன்ஜினியரிங் நோட்டைப் பார்த்து விடையைத் திருத்தாதீர்கள்.

விடை 1-ஐத் தாண்டினாலோ மைனஸில் வந்தாலோ அப்படியே விட்டுவிட்டு அடுத்த கணக்குக்கு ஓடாதீர்கள்.

‘நூறு வருஷத்துக்கு ஒருமுறை’ என்பதை, இனி நூறு வருஷம் வராது என்று படிக்காதீர்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு கரை புரண்டபோது இந்தப் பேச்சு நிறைய அடிபட்டது. அதன் பொருள், எந்த வருஷத்திலும் வாய்ப்பு 1/100. அப்படியானால் முப்பது வருஷத்தில் ஒருமுறையாவது வர வாய்ப்பு? 0.99-இன் முப்பதாம் அடுக்கு சுமார் 0.74, 1-லிருந்து கழித்தால் 0.26, நாலில் ஒன்றுக்கும் மேல். முப்பது வருஷக் கடனில் ஏரிப்பக்கம் வீடு வாங்குகிறவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று: சீட்டுக்கட்டைக் கண்டவுடன் பிடுங்கி வைக்காதீர்கள். சூதாட்டப் பயம் நியாயம்தான். ஆனால் கிளாவரையும் ஸ்பேடையும் கையில் பிடித்தே பார்க்காத பிள்ளை, 52 சீட்டில் கறுப்பு எத்தனை, படச்சீட்டு எத்தனை என்று தேர்வு அறையில் உட்கார்ந்து யோசிக்கும். லீவு நாளில் அரைமணி நேரம், பணம் வைக்காமல், நீங்களும் கூட உட்கார்ந்து ஆடுங்கள்.