விதையும் நிலமும்: மார்பகப் புற்றுநோயும் நம் எலும்பு மஜ்ஜையும்



புற்றுநோய் வார்டில் நோயாளிகளின் வீட்டார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, மார்பில் இருந்த கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று என்று டாக்டரம்மா சொன்னார்களே, பிறகு எப்படி இடுப்பெலும்பில் வந்தது?" என்பார்கள். பாவத்தின் பலனோ, யாரேனும் செய்வினை வைத்தார்களோ, அறுவை செய்தவரின் கை தவறிற்றோ என்று மூன்று சந்தேகங்கள் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும். முதல் இரண்டும் காரணமல்ல என்று சொல்வது போதகனின் வேலை, அதைச் செய்துவிடுகிறேன். மூன்றாவதற்கும் சரியான பதில் வேண்டும் அல்லவா? அதற்காக மருத்துவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சற்றுக் கடினமான பாடம்தான். நிதானமாக வாசித்தால் விளங்கும்.

முதலில் மஜ்ஜையைப் பற்றி. பெரியவர்களின் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு, மார்பெலும்பு ஆகியவற்றுக்குள் இருக்கும் சிவந்த மஜ்ஜையில்தான் இரத்தம் உண்டாகிறது. சிவப்பணுக்கள் மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி பிறக்கின்றன. வெள்ளணுக்களும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் அங்கேயே உண்டாகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மூலம், மஜ்ஜையில் மிகச் சொற்பமாக இருக்கும் தாய் செல்கள். ஸ்டெம் செல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். 1961இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். சில நாளில் அவற்றின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லின் சந்ததி என்பது பின்னர் உறுதியாயிற்று. தாய் செல் உண்டு என்பதற்கு அதுவே முதல் சான்று.

அந்தத் தாய் செல்களுக்கும் மார்பகக் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு இன்னும் பின்னால் போகவேண்டும்.

ஸ்டீபன் பேஜட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1889இல் லான்செட் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் திரட்டியிருந்தார். ஈரலில் நோய் பரவியிருந்தவர்கள் 241 பேர். மண்ணீரலில் பரவியிருந்தவர்களோ 17 பேர்தான். இரண்டு உறுப்புகளுக்கும் இரத்தம் தாராளமாகப் பாய்கிறது. இரத்தம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றே காரணமானால் இவ்வளவு வித்தியாசம் வராது. ஆகவே புற்றுநோயின் விதை எங்கும் தூவப்பட்டாலும், ஏற்ற நிலத்தில் மட்டுமே முளைக்கிறது என்று அவர் முடிவு செய்தார். விதைக்கிறவனுடைய உவமையை ஞாயிறு பள்ளியிலேயே கற்ற நமக்கு இது புரியாத காரியமல்ல. ஆனால் உவமையில் கற்பாறை கற்பாறையாகவும் நல்ல நிலம் நல்ல நிலமாகவும் முன்பே இருக்கின்றன. இந்த நோயிலோ, விதை வந்து விழுமுன்பே நிலம் அதற்கென்று பண்படுத்தப்படுகிறது. பண்படுத்தும் ஆட்கள் நம்முடைய மஜ்ஜையிலிருந்தே அழைக்கப்படுகிறார்கள்!

அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். உடம்பில் காயம் பட்டால் அங்கிருந்து சில இரசாயனத் தூதுகள் இரத்தத்தின் வழியாக மஜ்ஜைக்குப் போகின்றன. மஜ்ஜையும் காயத்தை ஆற்ற வேண்டிய வெள்ளணுக்களை அனுப்புகிறது. மார்பகக் கட்டியும் அதே தூதுகளை அனுப்பக் கற்றுக்கொள்கிறது. ஆறாத புண்ணைப்போல, நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 2015இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜீனா வெர்ப் என்ற விஞ்ஞானியின் குழுவினர் மார்பகக் கட்டியுள்ள எலிகளில் இதை ஆராய்ந்தார்கள். கட்டியிலிருந்து வந்த ஜி-சி-எஸ்-எஃப் என்ற தூதுப்பொருள் மஜ்ஜையின் வளரும் செல்களை நியூட்ரோஃபில் என்ற ஒருவகை வெள்ளணுவின் பக்கமாகத் திருப்பிவிட்டது. அப்படிப் பிறந்த நியூட்ரோஃபில்கள் கட்டியை எதிர்க்கவில்லை. எதிர்க்கவேண்டிய வேறு வெள்ளணுக்களையும் அவை அடக்கிவைத்தன.

தாய் செல்லின் சந்ததியில் மாக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்களும் உண்டு. கிருமிகளையும் செத்த செல்களையும் தின்று சுத்தம் செய்வது அவற்றின் வேலை. நியூயார்க்கில் ஜெஃப்ரி பொலார்டு என்பவரின் குழு, மார்பகக் கட்டி கட்டாயம் வளரும் எலி வகையில் இந்த அணுக்களை வளர்க்கும் தூதுப்பொருளை மட்டும் இல்லாமல் செய்து பார்த்தது. அதன் முடிவு 2001இல் வெளியாயிற்று. கட்டி வழக்கம்போலத் தோன்றியது. ஆனால் அது முற்றிப் பக்கத்துத் தசைக்குள் ஊடுருவுவது தாமதமாயிற்று, நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. மார்பிலுள்ள கட்டியால் மட்டும் இந்த நோயில் உயிர் போவது அரிது. பரவுவதுதான் கொல்கிறது. அதற்கு நம் சொந்த இரத்த அணுக்களின் உதவி தேவைப்படுகிறது என்பதுதான் இந்தச் சோதனை காட்டியது.

2005இல் நியூயார்க்கின் டேவிட் லைடன் குழு மேலும் ஒரு படி சென்றது. இது மார்பகக் கட்டியில் அல்ல, எலிகளின் நுரையீரல் கட்டியிலும் தோல் புற்றுநோயிலும் செய்த ஆராய்ச்சி. புற்றுநோய் செல் ஒன்றுகூட நுரையீரலுக்கு வந்து சேருமுன்பே, மஜ்ஜையிலிருந்து புறப்பட்ட இரத்த முன்னோடி செல்கள் அங்கே கூட்டம் கூட்டமாகத் தங்கியிருந்தன. பின்னால் வந்த புற்றுநோய் செல்கள் அதே இடங்களில் குடியேறின. அந்த முன்னோடிகளை நீக்கியபோது பரவுதல் நின்றது.

எலியில் கண்டதெல்லாம் மனுஷரில் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் 2014இல் சீன ஆய்வாளர்கள், பல உறுப்புகளில் கட்டியுள்ள நோயாளிகளின் இரத்தத்தில் இந்த முன்னோடி செல்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக உலாவுவதையும், அவை ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதையும் கண்டார்கள்.

வீட்டாரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கட்டி கைக்குத் தட்டுப்படும் நாளுக்கு முன்பே சில செல்கள் இரத்தத்தில் இறங்கிப் போயிருக்கலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் பல வருஷம் தூங்கியும் கிடக்கலாம். அவற்றைக் கத்தியால் தேடி எடுக்க எந்த அறுவை மருத்துவராலும் ஆகாது. அறுவைக்குப் பின்னும் மருந்தும் மாத்திரையும் கொடுப்பது அதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிப்பு அவசியம். கீமோ சிகிச்சையில் வெள்ளணு குறைந்துபோனால் ஏற்றுவதற்குப் போடும் ஊசி இதே ஜி-சி-எஸ்-எஃப் வகையைச் சேர்ந்ததுதான். இக்கட்டுரையை வாசித்துவிட்டு யாரும் அந்த ஊசி வேண்டாம் என்று மறுத்துவிட வேண்டாம். வெள்ளணு இல்லாத சமயத்தில் காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். அந்த ஊசி அதைத் தடுக்கிறது. எலிச் சோதனையை வைத்து அதை நிறுத்துவது புத்தியல்ல.

மஜ்ஜையை வைத்தே இந்த நோயை வெல்லலாம் என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. 1990களில், விசேஷமாக அமெரிக்காவில், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவர்களுடைய தாய் செல்களை முன்பே எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, மஜ்ஜையே அழியுமளவு கடும் மருந்து கொடுத்து, பின்பு அந்தச் செல்களைத் திரும்பச் செலுத்தினார்கள். மருந்து அதிகமானால் புற்றுநோய் வேரோடு போகும் என்பது கணக்கு. 1999இல் ஐந்து ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. நான்கில் சாதாரண சிகிச்சையைவிட ஆயுள் கூடவில்லை. பலன் உண்டு என்ற ஐந்தாவது ஆய்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. மறு ஆண்டில் போய்ச் சோதித்தபோது அது பொய்யானது என்று வெளியாயிற்று. அந்தப் பெண்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. முறையான ஒப்பீடு இல்லாமல் நம்பிக்கையை விற்கக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஸ்டெம் செல் ஊசியால் எந்த நோயும் தீரும் என்று இலட்சக்கணக்கில் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்து அப்படிப் போக நினைக்கும் குடும்பங்களும் உண்டு. இரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நிரூபிக்கப்பட்டது. மார்பகக் கட்டிக்கு அப்படி ஒரு ஊசி கிடையாது. உங்கள் சபையில் யாராவது கேட்டால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

நல்ல செய்தி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. பழைய எலும்பை அரித்துப் புதுப்பிக்க உதவும் செல்கள் நம் உடம்பில் உண்டு. அவையும் இரத்தத்தின் தாய் செல்லுக்குப் பிறந்தவையே. எலும்பு அரிபடாத பிறவிக் குறையுள்ள எலிகளை மஜ்ஜை செலுத்திக் குணமாக்கியதன் மூலம் டொனால்டு வாக்கர் என்பவர் 1975இல் இதைக் காட்டினார். மார்பகப் புற்றுநோய் எலும்பில் இறங்கும்போது இந்த அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் சேமித்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வந்து புற்றுநோய்க்கே உரமாகின்றன. அது வளர்ந்து இன்னும் தூண்டுகிறது.

இந்தச் சுற்றை அறுக்க பிஸ்பாஸ்போனேட் என்ற எலும்பு மருந்துகள் உதவுகின்றன. ஜோலெட்ரோனிக் அமிலம் என்ற ஊசி அவற்றில் ஒன்று. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியான கணக்கின்படி, மாதவிடாய் நின்ற பெண்களில் இந்த மருந்து பெறாதவர்களுள் பத்து ஆண்டுகளில் 100க்கு 18 பேர் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்கள். பெற்றவர்களுள் அது 14.7. எலும்பில் நோய் திரும்புவது 8.8இலிருந்து 6.6ஆகக் குறைந்தது. சிறிய வித்தியாசம் என்று சிலர் சொல்லலாம். ஆயிரம் குடும்பங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட தாய்மார் வீட்டில் இருக்கிறார்கள் என்று நான் அதை வாசிக்கிறேன். மாதவிடாய் நிற்காத இளம் பெண்களில் இந்தப் பலன் தெளிவாகக் காணப்படவில்லை.

ஊசி போடுமுன் பல் மருத்துவரிடம் காட்டி, சொத்தைப் பல் இருந்தால் பிடுங்கிப் புண் ஆறியபின் தொடங்குவது நல்லது. இம்மருந்து பெறுகிறவர்களில் அபூர்வமாகத் தாடை எலும்பு செத்துப்போவதுண்டு. பல் பிடுங்கிய இடத்திலேயே அது பெரும்பாலும் தொடங்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்றும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வார்கள்.