போன் சோதனைக்கு ஒரு தனிச் சாவி

நீங்கள் எழுதிய ஆண்ட்ராய்டு புரோகிராம் உங்கள் போனில் நன்றாக ஓடுகிறது. மற்ற போன்களில் ஓடுமா? இதற்காகப் பத்துப் போன் வாங்க முடியாது. அமேசானின் டிவைஸ் ஃபார்ம் இதற்கு உதவும். 2015ல் வந்த இந்தச் சேவையில், அமேசான் வைத்திருக்கும் நிஜமான போன்களில் உங்கள் புரோகிராமை இணையம் வழியே ஓட்டிப் பார்க்கலாம்.

உங்கள் கம்ப்யூட்டர் இந்தச் சேவையுடன் பேச வேண்டுமானால் அக்சஸ் கீ தேவை. இதை ரூட் யூசர் பெயரில் உருவாக்காதீர்கள். ரூட் யூசர் என்பது வீட்டின் எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் சாவி. நமக்கு ஓர் அறையின் சாவி போதும்.

1. அமேசான் வெப் சர்வீசஸ் கணக்கில் நுழைந்து, ஐ.ஏ.எம். பகுதியைத் திறந்து, யூசர்ஸ் பிரிவில் கிரியேட் யூசர் கிளிக் செய்து பெயர் கொடுங்கள்.

2. அனுமதி கேட்கும் இடத்தில், டிவைஸ் ஃபார்ம் ஃபுல் அக்சஸ் என்ற பாலிசியை மட்டும் டிக் செய்து முடியுங்கள்.

3. புதிய யூசரின் பெயரைக் கிளிக் செய்து, செக்யூரிட்டி கிரெடென்ஷியல்ஸ் டேபில் கிரியேட் அக்சஸ் கீ கொடுங்கள். எதற்கு என்று கேட்டால் கமாண்ட் லைன் எனத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது இரண்டு வரிகள் தெரியும். ஒன்று கீயின் அடையாள எண். மற்றொன்று சீக்ரெட் கீ. இரண்டாவதை இந்த ஒரு முறைதான் பார்க்க முடியும். எனவே விண்டோவை மூடும் முன் பைலாக டவுன்லோட் செய்து பத்திரப்படுத்துங்கள். தவறவிட்டால் புதிய கீதான் உருவாக்க வேண்டும்.

4. அமேசானின் கமாண்ட் லைன் புரோகிராமை நிறுவுங்கள். பின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஏ.டபிள்யூ.எஸ். என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் புள்ளியின்றி டைப் செய்து, ஓர் இடம் விட்டு கான்ஃபிகர் என டைப் செய்து என்டர் தட்டுங்கள். நான்கு கேள்விகள் வரும். முதல் இரண்டிற்கும் கீக்களைத் தாருங்கள். மூன்றாவதான ரீஜனுக்கு யு.எஸ். வெஸ்ட் 2 தர வேண்டும். டிவைஸ் ஃபார்ம் அங்கு மட்டுமே இயங்குகிறது. நான்காவதிற்கு வெறும் என்டர் போதும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கீக்கள் உங்கள் கம்ப்யூட்டரில் சாதாரண டெக்ஸ்ட் பைலாகவே பதிவாகின்றன. இவற்றை புரோகிராம் வரிகளுக்குள் எழுதிவிட்டு, அந்தப் புரோகிராமை இணையத்தில் பகிர்ந்தால், எடுப்பவர் செய்யும் செலவும் உங்கள் பில்லில்தான் ஏறும். கீ வெளியே போய்விட்டதாகச் சந்தேகமா? அதே டேபில் முதலில் அதை இன்ஆக்டிவ் செய்யுங்கள்; பிறகு டெலீட் செய்யுங்கள். பழைய சாவி அத்துடன் செல்லாது.