இருவருக்கும் வகையில்லை



பரிசேயனாகிய சீமோன், தன் வீட்டிற்கு வந்து அழுத ஸ்திரீயைப் பாவியென்று மனதிற்குள் தீர்த்தான் (லூக்கா 7:36-50). இயேசுவோ அவனுக்கு இரண்டு கடன்காரரைக் காட்டினார். ஒருவன் கடன் 500 வெள்ளிக்காசு; மற்றவன் கடன் 50. ஒரு காசு அன்று ஒரு நாள் கூலி. 50 குறைந்த கடன்தான். ஆனாலும் அதைத் தீர்க்கவும் அவனுக்கு வகையில்லை. இருவரும் மன்னிப்பினாலேயே தப்பினார்கள்.

குடியினால் ஈரல் கெட்டு வார்டில் படுத்திருப்பவரைக் காணும்போது, "தானே தேடிக்கொண்டது" என்று எங்கள் உள்ளமும் சில வேளை சொல்லிவிடுகிறது. குடியை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நம்முடைய 50ஐ நாம் தீர்த்துவிட்டோமா? மன்னிப்புப் பெற்ற கடன்காரராகவே அவர் கட்டிலருகே நிற்போம். அவருக்காகவும் எங்களுக்காகவும் ஜெபியுங்கள்.