வந்துட்டேளா, வந்திருக்கேளா?

கீழ அடையவளஞ்சான் வீதியில் வாடகை வீட்டுக்குள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "வந்துட்டேளா, வந்திருக்கேளா?"

முப்பத்தோரு வருஷம் டென்வரில் இருந்தவனுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடனே உறைக்கவில்லை. "வந்தாச்சு மாமி" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். பையில் இருந்தது அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும். பிறந்தது இதே ஸ்ரீரங்கத்தில்தான். ஆனால் காகிதப்படி நான் இங்கே தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டுக்காரன். அதை ஞாபகம் வைத்துக்கொண்ட இடங்களில் தப்பித்தேன். சொந்த ஊர்தானே என்று மிதப்பாக நடந்த இடங்களில் அடிபட்டேன்.

என்னைப் போலத் திரும்பி வருகிறவர்களுக்கு முதல் விஷயம், வந்த உடனே வீடு வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற நாம் எல்லோரும் டிசம்பர் லீவில்தான் ஊரைப் பார்த்திருக்கிறோம். மார்கழிக் குளிர், வாசல் நிறையக் கோலம், கையில் சூடாகப் பொங்கல். அந்த மயக்கத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். நானும் கொடுக்கக் கிளம்பியவன்தான், மனைவி செக் புத்தகத்தை ஒளித்து வைத்ததால் பிழைத்தேன். வாடகைக்கு இருந்து எல்லாப் பருவத்தையும் பாருங்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் காரை எடுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மே மாதம் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ஃபிளாட்டில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். லிஃப்ட் உண்டா, அது கரண்ட் போனால் ஓடுமா என்று கேட்பதற்கு முன் மேல்தளம் பக்கமே போகவேண்டாம்.

பழைய வீடு மேல் ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று ரயில்பெட்டி போல நீண்டுகொண்டே போகும் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் கழிவறை கொல்லைக் கோடியில் இருந்தால், அறுபத்தெட்டு வயதில் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த நடையைப் போட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது இங்கே பிறந்த எனக்கே மறந்துபோயிருந்தது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கிற காவிரிப் பாலம் 1976-ல் கட்டியது. 2022 கடைசியில் அதைப் பராமரிப்புக்காக மூடியவர்கள் 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். என் இதய மருத்துவர் இருப்பது அந்தக் கரையில். சுற்றிப் போகிற நேரத்தை ஆட்டோவில் உட்கார்ந்து எண்ணியபோதுதான் புரிந்தது: பெரிய மருத்துவமனை அக்கரையில் இருந்தாலும், அவசரத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் ஒரு டாக்டரைப் பழக்கம் பண்ணி வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்துச் சீட்டை அமெரிக்காவிலிருந்து அப்படியே கொண்டுவந்து நீட்டாதீர்கள். பிராண்ட் பெயர்கள் இங்கே உதவாது. சில மருந்துகளுக்கு மூலப்பெயரே வேறு. அங்கே அசிட்டமினோஃபென் என்பதும் இங்கே பாராசிட்டமால் என்பதும் ஒன்றேதான். எல்லா மாத்திரைகளின் மூலப்பெயரையும் அளவையும் ஒரே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக அந்த நாட்டுக்கு வெளியே செல்லாது. அதற்காக பார்ட் பி தவணையை நிறுத்திவிட்டுப் பிறகு மறுபடி சேர்ந்தால், விட்ட ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் பத்து சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள். பேரனைப் பார்க்கத் திரும்பிப் போய்விடுவோமோ என்கிற சந்தேகம் உள்ளவர்கள் யோசித்து நிறுத்தவேண்டும்.

டென்வர் ஒரு மைல் உயரத்தில், 1,609 மீட்டரில் இருக்கிற ஊர். தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனால் பருப்பு சட்டென்று வேகாது. அந்தப் பழக்கத்தில் மனைவி இங்கேயும் கூடுதலாக விசில் விட, முதல் வாரம் முழுக்கக் கூழைத்தான் சாம்பார் என்று சாப்பிட்டோம். அங்கே பிரித்த முறுக்குப் பாக்கெட் மாசக்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும், நம் உதடும் மூக்கும்தான் வெடிக்கும். இங்கே தோல் பளபளக்கிறது, முறுக்கு மறுநாளே நமுத்துவிடுகிறது. எது லாபம் என்று இன்னும் முடிவாகவில்லை.

மலைநாட்டிலிருந்து வந்தவன் என்கிற கர்வத்தில் ஒரு ஏப்ரல் காலை பத்து மணிக்கு மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கக் கிளம்பினேன். மலை மொத்தமே 83 மீட்டர். வழியில் இருக்கிற தாயுமானவர் சன்னிதி வரைகூட இழுத்துப் பறித்துத்தான் போனேன். பூக்கூடையோடு இறங்கி வந்த பாட்டி ஒருத்தர், "உக்காந்து ஏறுங்க தம்பி, புள்ளையார் எங்கயும் போயிட மாட்டாரு" என்றார். இப்போது விடிகாலையில்தான் ஏறுகிறேன். கோயில் கல்தரைக்கும் அதே கணக்கு. கோடையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்ற ஆசைப்பட்டால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

சட்டப்படி நான் அந்நியன் என்பது தைத்தது வாழைத்தோட்ட விஷயத்தில். அந்தநல்லூர்ப் பக்கம் அரை ஏக்கர் வாங்கி ஏலரிசி வாழை பயிரிட வேண்டும் என்பது நெடுநாள் கனவு. ஓசிஐ உள்ளவர்கள் வீடு, மனை வாங்கலாம், விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். என் அப்பா வைத்துவிட்டுப் போனது சைக்கிளும் இரண்டு பஞ்சாங்கமும். ஓட்டும் கிடையாது. தேர்தல் நாளில் தெருவே மை வைத்த விரலோடு நடக்கும்போது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன்.

வங்கிக் கணக்கையும் கவனியுங்கள். இங்கேயே தங்குவது என்று வந்துவிட்டால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றும்படி நாம்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். என் கிளையில் அந்தக் காகிதம் மூன்று முறை தொலைந்தது. நகல் வைத்திருந்ததால் நான்காம் முறை கோபப்படாமல் கொடுத்தேன். அமெரிக்கக் குடிமகன் எங்கே இருந்தாலும் பொதுவாக அமெரிக்க வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளில் இருக்கிற பணம் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அதைத் தனியாகத் தெரிவிக்கவேண்டும்.

வண்டி வாங்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் இருக்கிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. மனைவிக்கும் அதே அமெரிக்க பாஸ்போர்ட்தான், கண்டக்டர் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் இலவசமாகப் போகிறாள், நான் டிக்கெட் வாங்குகிறேன். மாநிலம் அவளை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அடிக்கடி சொல்லிக்காட்டுவாள்.

வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். இதுவரை வீடு வாங்கவில்லை. போன மார்கழியில் மாடிப் போர்ஷனுக்கு டொராண்டோவிலிருந்து ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். மாமி திண்ணையிலிருந்து அதே கேள்வியைக் கேட்டார். அவர்களும் என்னைப் போலவே விழித்தார்கள். மாமி பெங்களூருக்கு, பேத்தியின் பிரசவத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "துளசிக்குத் தண்ணி விட்டுடுங்கோ" என்று ஆட்டோவில் ஏறினார்.