'ஓவர்ஸ்டே' என்னும் ஆங்கில வினை

'ஓவர்ஸ்டே' என்னும் ஆங்கில வினைக்குக் 'குறித்த எல்லை கடந்து தங்குதல்' என்று பொருள் கொள்கின்றோம். இதன் செயப்படுபொருளாய் வருவது இடமன்று, தவணையே. லீவையும் விசாவையும் ஓவர்ஸ்டே செய்யலாம். வீட்டை ஓவர்ஸ்டே செய்தல் வழுவாம். வரவேற்புக்கும் தவணையுண்டு, 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்னும் நம் பழமொழியை நினைக. 'அவுட்ஸ்டே' என்பதும் அப்பொருளில் வரும். எனினும் பிற விருந்தினர் போனபின்னும் இருத்தலைக் குறிக்க அதுவே தக்கது.

எல்லையொன்று முன்னரே குறிக்கப்பட்டாலன்றி இவ்வினைக்கு இடமில்லை. தேயிலையும் இறப்பரும் வளர்க்க இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு வந்தோரை, இத்தனை ஆண்டில் திரும்புக என எச்சட்டமும் பணித்திலது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ அவர்தம் வழிவந்தாருட் பெரும்பாலாரைப் பிரசைகளல்லாராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றோர்க்கு அதன்பின் விசாத் தவணையும் உண்டாயிற்று. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. போகவிருந்தோர் தோட்டத்திலேயே தங்கினர். இலக்கணப்படி அவர்களையும் இவ்வினையாற் சுட்டலாம். தங்கியவரை எழுவாயாக்கும் இச்சொல், கப்பல் நின்றதைச் சொல்லாது. இஃது இதன் குறையென்றே கருதுகின்றோம். அவர்களும் இலங்கைப் பிரசைகளாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.