அலவன் உண்ணும் மணல்

மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் வரை நீளும் கடற்கரையில் காலையில் நடப்போர், வளைவாயிலில் நின்று நோக்கிவிட்டு நொடியில் மறையும் நண்டைக் காணாதிரார். சங்கப் புலவர் நண்டை அலவன் என்றனர். நெய்தல்நில மகளிர் அதனை ஓட்டி விளையாடியதையும் பாடினர். நாமோ இன்று அதன் உணவை ஆராய வேண்டியவராயினோம்.

5 மில்லிமீற்றரிலும் சிறிய பிளாத்திக்குத் துணிக்கையை நுண்பிளாத்திக்கு என்பர். பொலித்தீன் பையும் போத்தல் மூடியும் வெயிலிலும் அலையிலும் நொறுங்கி அவ்வாறாகின்றன. கரைவலைக் கயிறும் அதற்கு விலக்கன்று. முன்னாளிற் பயன்பட்ட தும்புக் கயிறும் பருத்தி நூலும் அறுந்தால் உக்கிவிடும். நைலோன் இழையோ எளிதில் உக்காது, மெலிந்து மெலிந்து மணலோடு கலக்கும். இதுபற்றி மீனவரைக் குறைகூறுதல் தகாது. உறுதியான கயிறு கிடைக்கும்போது உக்குங் கயிற்றை நாடுவார் யார்?

மணல்நண்டுகளுட் சில உண்ணும் முறை வியப்புக்குரியது. மணலை வாயிலிட்டு நீரோடு கலக்கும். பாரமான மணல் கீழே தங்க, இலேசான பாசியும் நுண்ணுயிரும் மிதந்து மேலே வரும். மிதந்ததை விழுங்கி, மணலை உருண்டையாக்கி வெளியே தள்ளும். நல்ல உபாயமே. ஆயினும் பிளாத்திக்கும் மணலினும் இலேசானது. ஆகவே அது உணவின் பக்கம் சேர இடமுண்டு. இங்கிலாந்தில் எக்சிற்றர் பல்கலைக்கழகத்தார் 2014 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கரைநண்டுகளின் உடலுள் நுண்துணிக்கைகள் வாய்வழியாக மட்டுமன்றிச் செவுள்வழியாகவும் புகுந்தன. செவுள்வழி புகுந்தவை 21 நாள் வரை தங்கின.

அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாத்திக்கை உண்டு, 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மடிந்த செய்தி 2022 இல் உலகெங்கும் பேசப்பட்டது. யானை வீழ்ந்தால் ஊர் கூடும். வளைக்குள் நண்டு மடிந்தால் அறிவார் இலர். கரையைக் கூட்டித் துப்புரவாக்குவோர் போத்தலை அகற்றலாம், துணிக்கையை அகற்றல் இயலாது. மணலோடு அள்ளினால் நண்டின் வளையும் உணவும் உடன்போகும். எனவே போத்தல் போத்தலாய் இருக்கும்போதே, மாரி வெள்ளம் அதனைக் கடலிற் சேர்க்குமுன், எடுத்தல் வேண்டும்.

மாணவர் இதனைத் தாமே சோதித்தறியலாம். கரையாது எஞ்சுமளவும் உப்பிட்ட நீரில் ஒரு பிடி உலர்ந்த மணலை இட்டுக் கலக்கி, ஒரு மணிநேரம் அசையாது வைக்குக. நண்டின் வாயில் நிகழ்வதே இங்கும் நிகழும். அந்நீரின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 1.2, மணலினது 2.65, நைலோனினது 1.14, பொலித்தீனினது ஒன்றிலும் குறைவு. பின்னிரண்டும் மிதக்கும். போத்தற் பிளாத்திக்கு 1.38 ஆதலால் மணலோடு தங்கிவிடும். ஆகவே நாம் காண்பது உள்ளதிற் குறைவே. மிதக்கும் இழைகளைக் கரைவலைக் கயிற்றின் துண்டொன்றோடு வைத்து, உருப்பெருக்குக் கண்ணாடியால் ஒப்புநோக்குக.